மதுரையிலிருந்து மடுல்கெல்ல: ஒரு மணி நேரமும் ஒரு பகலும்

காலை பத்தரைக்கு மதுரையில் விமானம் மேலெழுந்தது. கொழும்புக்கு வான்வழியே ஏறத்தாழ 360 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். கொடுத்த தின்பண்டப் பொட்டலத்தை நான் பிரித்து முடிப்பதற்குள் கட்டுநாயக்க விமான நிலையத்துத் தென்னைகள் தெரிந்துவிட்டன. கண்டிக்கு அப்பால், மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்தில் வாழும் என் தங்கை செல்வியின் மகளுக்கு அன்று காதுகுத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். அந்த மாமன் நான். "ஒரு மணி நேரம்தானே, மூணு மணிக்கு வச்சுக்க" என்று விமான டிக்கெட்டை மட்டும் பார்த்து நேரம் குறித்துக் கொடுத்த மேதாவியும் நானே.

பன்னிரண்டேகாலுக்கு வெளியே வந்தேன். மைத்துனர் அனுப்பிய வேனுடன் கட்டுகஸ்தோட்டைக்காரர் நவ்ஷாத் காத்திருந்தார்.

"மூணு மணிக்கா?" என்று சிரித்தார். "இன்னும் நூத்தி முப்பது கிலோமீட்டர் ஈக்கி. அஞ்சரை ஆகும். மழ பேஞ்சா அல்லாஹ்தான்."

கடிகாரத்தைப் பார்த்தபடியே ஏறினேன். ஆனாலும் கடுகண்ணாவ ஏற்றத்தில் பள்ளத்தாக்கு திடீரென்று விரிந்தபோது, கவலையை மறந்து சின்னப் பையனைப் போல ஜன்னலில் தொங்கினேன்.

நாலேகாலுக்குக் கட்டுகஸ்தோட்டைப் பாலம். கீழே மகாவலி ஆறு தாராளமாக ஓடியது, மேலே நெரிசலில் நாங்கள் நகரவில்லை. செல்வி அழைத்தாள். "அண்ணே, எங்க இருக்க? ஆசாரி வத்தேகமக்காரரு. பொழுது சாஞ்சா குத்தமாட்டாராம். அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போறேங்கிறாரு."

நாங்கள் வத்தேகமயைத் தாண்டியதும் அவள் மறுபடி அழைத்தாள். ஆசாரி பஸ் ஏறிவிட்டார். நான் இடிந்துபோய் உட்கார்ந்தேன்.

நவ்ஷாதுக்கோ உற்சாகம் பிறந்தது. "கவலப்பட வாணாம். ஒரே ரோட்டு. அந்த பஸ் நமக்கு முன்னால வந்துதானே ஆகணும்?"

பன்விலவுக்கு மேலே ஒரு குறுகிய வளைவில் அது வந்தது. ஒருவர் பின்னால் எடுத்தால்தான் மற்றவர் போக முடியும். நவ்ஷாத் எடுக்கவில்லை. இறங்கி ஓடி, பஸ் டிரைவரிடம் சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டு, உள்ளே பார்த்துக் கத்தினார்: "காது குத்துற ஆசாரி ஈக்கிறாரா? மாமன் வந்துட்டாரு!"

பஸ்ஸே சிரித்தது. பின் இருக்கையிலிருந்து, கக்கத்தில் குடையோடு ஒருவர் எழுந்தார். "நான் அப்புறம் எப்படிங்க வீட்டுக்குப் போறது?"

"வத்தேகம நான் வீட்டுக்குப் போற வழிதானே. நான் கொண்டுபோய் உடுறன், ஏறுங்க."

தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் நாங்கள் இறங்கியபோது மேல்மலையில் இன்னும் வெயில் இருந்தது. பட்டுப்பாவாடை கட்டிய ஐந்து வயதுக் கயல், முன்பின் பார்த்திராத என் மடியில் விறைப்பாக உட்கார்ந்தாள். முதல் காதுக்குத் திகைத்தாள். இரண்டாவதற்கு அவள் போட்ட கூச்சலில் ஒலிபெருக்கிப் பாட்டே கேட்கவில்லை. எனக்கும் கண்ணில் தண்ணீர், அவ்வளவு சந்தோஷம்.

லட்டைக் கடித்தபடி விசும்பல் அடங்கியதும் கயல் கேட்டாள்: "மாமா, ஒங்க ஊரு ரொம்பத் தூரமா?"

வரைபடத்தில் நேர்கோடு போட்டால் மதுரைக்குச் சென்னையைவிடக் கண்டிதான் பக்கம். அளந்து பார்த்து வைத்திருந்தேன். "இல்லம்மா, ரொம்பப் பக்கம்" என்றேன் பெருமையாக.

செல்வி மகளின் காதில் மஞ்சள் தடவிக்கொண்டே சொன்னாள்: "ஆமாடி, பக்கம்தான். நீ பொறந்ததுல இருந்து மாமா வந்துக்கிட்டேதான் இருக்காரு."