நான் இருக்கேன்லா

குற்றாலத்து மெயின் அருவியின் ஓரத்தில், வெள்ளை அங்கியை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, எங்கள் நாற்பது பேருடைய துண்டுகளையும் இரண்டு தோள்களிலும் சுமந்தபடி வார்டன் சாமி நின்றுகொண்டிருப்பார். சாரல் தொடங்கிவிட்டால் சனிக்கிழமை தவறாமல் போர்டிங் பையன்களைத் தென்காசியிலிருந்து வரிசையாக நடத்திக் கூட்டிப்போவது அவர் வழக்கம். நாங்கள் அருவிக்குள் புகுந்து கூச்சல் போட்டுக்கொண்டிருப்போம். அவர் ஒருநாளும் குளித்ததில்லை, தலைகளை எண்ணிக்கொண்டே நிற்பார். ஒவ்வொரு துண்டின் மூலையிலும் அழியாத மையால் அவரவர் போர்டிங் நம்பர் எழுதியிருக்கும். ஆனால் நடுங்கிக்கொண்டு வெளியே வருபவனுக்கு நம்பரைப் பார்க்காமலே அவனவன் துண்டை உருவிக் கொடுப்பார். என் நம்பர் இருபத்தேழு. என் துண்டு எப்போதும் அவருடைய வலது தோளில் எல்லாவற்றுக்கும் மேலே கிடந்ததாக எனக்கு நினைவு. அது உண்மைதானா, அல்லது அப்படி இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டு நானே வைத்துக்கொண்ட நினைவா என்பது இப்போது சந்தேகமாக இருக்கிறது. சென்ற கோடைக்குப் பிறகு அவரைப் பற்றிய எல்லா நினைவுகளிலும் இந்தச் சந்தேகம் ஏறிவிட்டது.

எங்கள் பள்ளி ஆண்பிள்ளைகள் மட்டும் படிக்கும் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி. கோயிலுக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகையில் தொடங்கி, பிறகு ஓட்டுக் கட்டடமாகி, நான் சேர்ந்தபோது நீளமான இரண்டு மாடிகளும் ஒரு போர்டிங்கும் ஒரு பெரிய மைதானமுமாக இருந்தது. போர்டிங்கில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கிறிஸ்தவர்கள், ஊர்ப் பேச்சில் வேதக்காரப் பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் அப்படியில்லை, சுற்றுவட்டார ஊர்களிலிருந்து விவசாயக் குடும்பத்துப் பையன்கள் சைக்கிளில் வந்து படித்தார்கள். என் வகுப்பில் பாதிப்பேர் பின்னால் போலீசுக்கும் பட்டாளத்துக்கும் போனார்கள். காலையில் கோதுமை உப்புமா, மத்தியானம் தண்ணியாக ஒரு சாம்பார், சாயங்காலம் விளையாட்டு, பிறகு மணியடித்தால் ஸ்டடி. படிக்கும் நேரத்தில் பேசினால் முட்டி போடவேண்டும். அழுதுகொண்டு சேர்ந்த பையன்கள்கூட இரண்டு மாதத்தில் பழகிவிடுவார்கள். வார்டன் சாமி அப்படிப் பழக்கிவிடுவார்.

என் அப்பா புளியங்குடி எலுமிச்சை மண்டியில் மூட்டை ஏற்றி இறக்குபவர். அம்மா பீடி சுற்றினாள். வீட்டில் நானும் ஒரு தங்கையும். ஆறாம் வகுப்பில் என்னைப் போர்டிங்கில் விட்டபோது வார்டன் சாமிக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். எட்டாம் வகுப்பில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. மற்ற பையன்களானால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்பா வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்பது அவருக்குத் தெரியும், என்னை அனுப்பவில்லை. தினமும் காலைப் பூசை முடிந்ததும் சைக்கிளில் போய் வயல்வரப்பிலிருந்து கீழாநெல்லி பறித்துவந்து, போர்டிங் சமையல்கட்டில் அவரே அரைத்து, மோரில் கலக்கிக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து குடிக்கவைத்தார். குடித்து முடிக்கும்வரை எழுந்து போகமாட்டார். அந்தப் பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு அவர் எதைச் சொன்னாலும் செய்வதற்கு நான் தயாராகிவிட்டேன். பூசைக்கு உதவி செய்தேன். பீடத்துக்குப் பூ வைத்தேன். போர்டிங் பதிவேட்டில் பெயர்கள் எழுதினேன். வேறு எவனையாவது கூப்பிடுவதற்குள் நானே போய் நிற்பேன்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மறுவாரம் அவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். குருமடத்துக்குப் போகிறாயா என்று கேட்டார். சாமியாராவதைப் பற்றி அதுவரை நான் நினைத்ததே இல்லை. பாலிடெக்னிக்கில் சேர்ந்து மெஷின் படிக்கவேண்டும் என்பதுதான் எனக்கும் அப்பாவுக்கும் எண்ணம். ஆனால் கேட்டது அவர். அரைமணி நேரம் பேசினார். உனக்குள் ஓர் அழைப்பு இருக்கிறது, உனக்கே தெரியாது, எனக்குத் தெரிகிறது என்றார். சரி சாமி என்றேன்.

அப்பாவை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். அப்பா வேலை உடுப்போடு வந்து போர்டிங் வராந்தாவில் நின்றார். ஒற்றை ஆண்பிள்ளை என்பதை இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் வார்டன் சாமி பொறுமையாக, மரியாதையாகப் பதில் சொன்னார். கடைசியில் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவன் வாயில்லாத பய சாமி. நீங்க கூட இருந்து பாத்துக்கிடுவியளா?"

"நான் இருக்கேன்லா," என்றார் வார்டன் சாமி.

அப்பா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறப் போய்விட்டார்.

மே மாதக் கடைசியில் வார்டன் சாமியே என்னை குருமடத்தில் கொண்டுபோய் விட்டார். புது டிரங்குப் பெட்டி, இரண்டு வெள்ளை வேட்டி, ஒரு ஜெபமாலை வாங்கித் தந்தார். மாதம் ஒரு கடிதம் எழுதச் சொன்னார். ஜூனிலும் ஜூலையிலும் எழுதினேன். ஜூலைக் கடிதத்துக்குப் பதில் இல்லை. ஆகஸ்டில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஒரு பையன், தென்காசி வார்டன் குருத்துவத்தை விட்டுவிட்டுப் போய்விட்டாராம், கல்யாணம் பண்ணிக்கொண்டாராம் என்றான். நான் அவனை நம்பவில்லை. சாயங்காலம் அதிபர் சாமியாரே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவருக்காக வேண்டிக்கொள் என்று சொன்னபோதுதான் நம்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்துவிட்டார். யார் மூலமோ கேள்விப்பட்டிருக்கிறார். பார்வையாளர் அறையில் உட்காராமல் நின்றுகொண்டே, பெட்டியை எடுத்துட்டு வாலே, வீட்டுக்குப் போவோம் என்றார். பாலிடெக்னிக்கில் இன்னும் இடம் இருக்கிறதாம், விசாரித்துவிட்டு வந்திருந்தார். நான் மாட்டேன் என்று சொன்னேன். வாழ்க்கையில் அப்பாவை எதிர்த்துச் சொன்ன ஒரே சொல் அதுதான். வார்டன் சாமி மனித பலவீனத்தில் தடுமாறிவிட்டார், ஆனால் என்னிடம் சொன்னது பொய்யாக இருக்காது என்று நம்பினேன். நானும் திரும்பிப் போனால் அவர் சொன்ன எல்லாமே பொய்யாகிவிடும் என்று தோன்றியது. அவருடைய மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டுதான், பதினாறு வயதில், அங்கே நின்றேன். அப்பா என் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார். நான் குருப்பட்டம் வாங்கியபோது முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார், அழுதார், சந்தோஷத்தில் அழுகிறார் என்று பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்கள். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

பல பங்குகளில் வேலை பார்த்த பிறகு மூன்று வருடத்துக்கு முன்னால் ஆயர் என்னை இதே பள்ளிக்குத் தலைமையாசிரியராக அனுப்பினார். பழைய மாணவர்கள் பள்ளியின் வரலாற்றை ஒரு புத்தகமாகப் போடவேண்டும், நீங்களே எழுதுங்கள் சாமி என்று கேட்டார்கள். சென்ற கோடை விடுமுறையில் ஆபீஸ் பீரோக்களைத் திறந்து பழைய கோப்புகளைத் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். போர்டிங் சம்பந்தப்பட்ட ஒரு கோப்பில், அரிசி வாங்கியது, கிணறு தூர்வாரியது பற்றிய கடிதங்களுக்கு நடுவே, டைப் அடித்த ஒரு கடிதத்தின் கார்பன் நகல் இருந்தது. வார்டன் சாமி ஆயருக்கு எழுதியது. குருத்துவப் பணியிலிருந்து தன்னை விடுவிக்க வேண்டுமென்றும், இது ஒரு வருடமாக யோசித்து அமைதியான மனதோடு எடுத்த முடிவு என்றும், பள்ளி வருடம் தொடங்கி மாற்று ஆள் வந்ததும் கிளம்ப அனுமதி வேண்டுமென்றும் கேட்டிருந்தார். தேதியைப் பார்த்தேன். மார்ச் முதல் வாரம். எங்களுக்குப் பரீட்சைகூடத் தொடங்கவில்லை. என்னை அறைக்குக் கூப்பிட்டுப் பேசியதும், அப்பாவுக்கு வராந்தாவில் வாக்குக் கொடுத்ததும், என் கையைப் பிடித்துக் குருமடத்துக்குள் கூட்டிப்போனதும் எல்லாம் இதற்குப் பிறகு.

அவரைத் தேடுவது கஷ்டமாக இல்லை. மதுரைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, குத்துக்கல்வலசையில் புதிதாக வந்திருக்கும் வீடுகளில் ஒன்றில் மனைவியோடு இருக்கிறார் என்று பழைய மாணவர் ஒருவர் சொன்னார். பள்ளியிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போனேன். கதவைத் திறந்தவர் அவருடைய மனைவி. நர்ஸாக இருந்தவர், அமைதியான முகம். நான் யார் என்று சொன்னதும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, நீங்க பேசிக்கிட்டு இருங்க என்று உள்ளே போய்விட்டார்.

வார்டன் சாமிக்கு இப்போது எண்பது நெருங்கியிருக்கும். மெலிந்துபோயிருந்தார். வாங்க சாமி, உட்காருங்க சாமி என்றார். அவர் வாயால் என்னைச் சாமி என்று கேட்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. பள்ளியைப் பற்றி விசாரித்தார். போர்டிங் மூடி ரொம்ப வருடமாகிவிட்டது என்றேன். இங்கே வந்து நாலு வருஷமாச்சு, உங்களை வந்து பார்க்கணும்னு நெனைக்காத நாள் கிடையாது, பயமா இருந்துச்சு என்றார். நான் பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். படித்து முடித்த பிறகும் கையிலேயே வைத்திருந்தார்.

என்னைக் கூப்பிட்டுப் பேசிய அன்றைக்கு, போகப்போகிறோம் என்பது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவர் தெரியாது என்று சொல்லியிருக்கலாம்; கடிதம் எழுதினேன், ஆனாலும் மனம் தடுமாறிக்கொண்டிருந்தது என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பிவிட வேண்டும் என்றுதான் ஆட்டோவில் வரும்போதே எண்ணிக்கொண்டு வந்திருந்தேன்.

"தெரியும்," என்றார்.

பிறகு ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். சொல்லும்போது, அதுவரை இருந்த மரியாதைப் பேச்சு மாறி, பழைய வார்டன் பேச்சு வந்துவிட்டது.

"வெறுங்கையோட வெளிய போக எனக்கு மனசு வரலலே. என் இடத்துக்கு ஒரு ஆளக் குடுத்துட்டுப் போனா ஆண்டவர் என்ன விட்டுருவாருன்னு நெனச்சேன்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜல்லி கொட்டுகிற சத்தம் கேட்டது. அது அடங்கியதும், போர்டிங்கில் நாற்பது பேர் இருந்தோமே, வேதத்தில் என்னைவிடப் பிடிப்புள்ள பையன்கள் இருந்தார்களே, ஏன் நான் என்று கேட்டேன். அவர் கடிதத்தை மடித்து என்னிடம் நீட்டினார்.

"மத்தவங்க யோசிச்சுச் சொல்லுதேன்னு சொல்லுவாங்க. நீ மாட்டேன்னு சொல்லமாட்ட."

எனக்குள் ஓர் அழைப்பு இருக்கிறது என்று அவர் சொன்னதை முப்பத்தெட்டு வருடமாக ஓர் ஆதாரம்போல வைத்துக்கொண்டிருந்தேன். பங்குகளில் சண்டை வந்தபோது, அம்மா போனபோது, தங்கை பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுத் தனியறைக்குத் திரும்பியபோதெல்லாம் அதை நினைத்துத்தான் எழுந்து நின்றிருக்கிறேன். அவர் என்னிடம் பார்த்தது அழைப்பை அல்ல. மறுக்கத் தெரியாத ஒரு பையனை. அப்பா வந்து வராந்தாவில் நின்று கேட்டபோது நான் இருக்கேன்லா என்று சொன்னீர்களே என்று மட்டும் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். உங்கப்பா முகம் இப்பவும் வருது என்றார். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. கேட்கத் தனக்கு உரிமையில்லை என்று நினைத்திருக்கலாம்.

நான் எழுந்தேன். கேட்டுவரை கூடவே வந்தார். அங்கே நின்று, முழங்கால் மடியாததால் தலையை மட்டும் தாழ்த்தி, பழையபடி மரியாதைப் பேச்சுக்கு மாறி, ஆசீர்வாதம் குடுங்க சாமி என்றார். எத்தனையோ பேருக்கு, பெயர்கூடத் தெரியாதவர்களுக்கு, பஸ் ஸ்டாண்டில், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கொடுத்திருக்கிறேன். அவருடைய நரைத்த தலை என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவர் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டேன் சாமி," என்றேன்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. நான் கேட்டைத் திறந்துகொண்டு நடந்துவிட்டேன்.

பள்ளி வரலாறு அச்சாகிவிட்டது. போர்டிங் பகுதியில் அவருடைய பெயரையும் பணிசெய்த வருடங்களையும் போட்டு, பிள்ளைகளை அக்கறையோடு பார்த்துக்கொண்டார் என்று எழுதினேன். அது உண்மை. அதில் எனக்குச் சிக்கல் வரவில்லை. என் சிக்கல் வேறு. இந்த வேலையை நான் வேண்டாவெறுப்பாகச் செய்தவனில்லை. எத்தனையோ காலைகளில் பீடத்தில் நின்றபோது மனம் நிறைந்திருக்கிறது. இது வீணான வாழ்க்கை என்று சொல்ல என்னால் முடியாது. ஆனால் இது என்னுடையது என்று முன்போல் சொல்லவும் வாய் வரவில்லை. அப்பா இருந்தால் அவரிடம் போய் உட்காரலாம். அவரும் போய் ஒன்பது வருடமாகிறது.

செங்கோட்டைப் பக்கத்துப் பங்கில் இருக்கும் ஒரு முதிய சாமியாரிடம்தான் நான் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வது. போன மாதம் அவரிடம், ஆசீர்வாதம் கேட்ட ஒரு வயதானவருக்கு மாட்டேன் என்று சொல்லிவிட்டேன் என்றேன். அவர் யார், என்ன என்று கேட்கவில்லை. வருத்தப்படுகிறீர்களா என்றார். தெரியவில்லை என்றேன். அவர் வழக்கமாக ஒரு சங்கீதம் வாசிக்கச் சொல்லித்தான் அபராதம் கொடுப்பார். அன்றைக்கு, நேரே அந்தப் பெரியவரிடம் போய் ஆசீர்வாதத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள், அதுதான் அபராதம் என்று சொல்லிவிட்டார். சரி என்று சொல்லிவிட்டு எழுந்துவந்தேன். சரி என்று சொல்வது எனக்குப் பழக்கம்தானே. ஐந்து செவ்வாய்க்கிழமைகள் போய்விட்டன. குத்துக்கல்வலசைக்கு நான் இன்னும் போகவில்லை.