சோதனைக்கு வெட்டிய இரண்டு சுருள்கள்

எனக்குச் சுருட்டை முடி. அலை அலையாக விழும் சுருட்டை இல்லை. பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் போல ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுற்றிக்கொள்ளும் ரகம். ஊரில் அதனால் பெரிய தொல்லை இருந்ததில்லை. புதூர்ப் பக்கத்துக் காற்று காய்ந்த காற்று. தேங்காய் எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிவிட்டால் சாயங்காலம் வரை அப்படியே கிடக்கும். பொறியியல் படித்த நான்கு வருடமும் அந்தப் பின்னலோடுதான் கோவில்பட்டிக்குப் பஸ்ஸில் போய் வந்தேன்.

முதல் நேர்காணல் சென்னையில். பின்னல் போட்டுக்கொண்டு போனால் பள்ளிக்கூடப் பிள்ளை போல இருக்கும் என்று, விடுதியில் குளித்துவிட்டு முடியை விரித்து ஒரு கிளிப் மட்டும் போட்டேன். புறப்படும்போது சரியாகத்தான் இருந்தது. அலுவலக லிஃப்டின் கண்ணாடியில் பார்த்தபோது தலை இரண்டு மடங்காகியிருந்தது. கடற்காற்றின் ஈரத்துக்கு என் முடி இப்படி ஊதும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. உள்ளே இருந்த மூவரில் ஒருவர், பைக்கில் வந்தீர்களா என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அதற்குப் பிறகு என் இடது கை தலையை விட்டு இறங்கவில்லை. ஒரு சின்ன சர்க்யூட்டை போர்டில் வரையச் சொன்னார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரைந்துவிடக் கூடியது. ஒரு கையால் முடியை அமுக்கிக்கொண்டு மறு கையால் பாதி வரைந்தேன். மீதி வரவில்லை. வேலையும் வரவில்லை.

அடுத்த அழைப்பு வரச் சில மாதங்கள் ஆயின. வேறு நிறுவனம், மறுபடியும் சென்னை. இதுவும் தட்டிப்போனால் புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கும் ஒரு யூனிட்டில் கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்வது என்று வீட்டில் பேசி முடித்திருந்தோம். அது மோசமான வேலை இல்லை. ஆனால் நான் சர்க்யூட் போர்டும் மீட்டருமாக இருக்க ஆசைப்பட்டுப் படித்தவள்.

எதையும் பட்டியல் போட்டுத்தான் தொடங்குவேன். இந்த முறை பட்டியலில் பாடங்களுக்கு மேலே முடியை எழுதினேன். குனிந்தால் முகத்தில் விழக் கூடாது. விடுதிக் குழாயின் உப்புத் தண்ணீரிலும் குளித்துச் சீக்கிரம் தயாராக முடிய வேண்டும். ஒரு மணி நேரம் தலையைத் தொடாமல் இருக்க முடிய வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். இதைப் படித்துக் காட்டியபோது அம்மா ஆடுகளுக்குத் தின்ன இலைக்குழை கட்டிக்கொண்டிருந்தாள். தன் பங்குக்கு ஒன்று சேர்த்தாள்: ரப்பர் பேண்டுக்குள் அடங்க வேண்டும், பூ வைக்க இடம் வேண்டும். அது இரண்டு என்றேன். இரண்டையும் எழுது என்றாள்.

கோவில்பட்டியில் நாங்கள் போன பார்லர் பெரும்பாலும் கல்யாணப் பெண்களுக்கானது. அங்கே இருந்த அக்கா என் முடியை விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஸ்ட்ரெய்ட்டனிங் பண்ணிருவோமா? வேலைக்குப் போற பிள்ளைய எல்லாம் இப்ப அதத்தான் செய்யுதாவ” என்றார். அதை நானும் யோசித்திருந்தேன். சில மாதத்தில் வேரிலிருந்து மறுபடி சுருட்டை வளரும். அப்போது பாதித் தலை ஒரு மாதிரியும் பாதித் தலை வேறு மாதிரியுமாக வேலைக்குப் போக வேண்டும். வேண்டாம் என்றேன். போனில் சேமித்து வைத்திருந்த படத்தைக் காட்டினேன். தாடை அளவுக்கு வெட்டிய முடி, கோட் போட்ட பெண். அக்காவுக்கும் பிடித்திருந்தது. முடியை நனைத்துச் சீவி, கத்திரியை எடுத்தார்.

அப்போதுதான் அந்த லிஃப்ட் கண்ணாடி ஞாபகம் வந்தது. இங்கே பார்த்து இங்கே சரி என்று சொல்லி என்ன பயன்? இது நிற்க வேண்டியது சென்னையில்.

“அக்கா, முழுசா வெட்டாதீங்க. இடது காதுக்குப் பின்னால ஒரு சுருள் மட்டும் தாடை அளவுக்கு. வலது பக்கம் ஒண்ணு, தோளுக்குக் கீழ. அவ்வளவுதான்.”

“மிச்சம்?”

“தூத்துக்குடிக்குப் போய், கடக்காத்துல பாத்துட்டு வாரேன்.”

அக்கா கத்திரியை இறக்கிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார். அம்மா அசரவில்லை. “இவ இப்படித்தாம்மா. கொழம்புல உப்பு பாக்கதுக்கே ரெண்டு கிண்ணம் எடுப்பா” என்றாள். அக்கா சிரித்துக்கொண்டே இரண்டு சுருளையும் வெட்டினார். காசு வாங்கவில்லை, முழுசா வெட்ட வருகிறபோது தந்தால் போதும், தூத்துக்குடி முடிவை மட்டும் மறக்காமல் சொல்ல வேண்டும் என்றார்.

மறுவாரம் அம்மாவும் நானும் எட்டயபுரம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினோம். கடல் பார்க்கப் போகிறோம் என்றுதான் அம்மா தெருவில் சொல்லி வைத்திருந்தாள். முடியைப் பார்க்கப் போகிறோம் என்று சொன்னால் வருஷம் முழுக்கக் கேலி பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். கடற்கரையில் நான் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் அம்மா உட்கார்ந்து என் தலையைப் பார்த்தாள். முதலில் ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நேரத்தில் முதுகில் தட்டினாள்.

“ஏட்டி, இது ஏறுது.”

“எந்தப் பக்கம்?”

“எடது. காதுக்கு மேல போயிட்டு. நம்ம வெள்ளாட்டு வாலு மாதிரி நட்டுக்கிட்டு நிக்கி.”

வலது பக்கத்தைக் கேட்டேன். தோளிலிருந்து தாடைக்கு வந்திருக்கிறது, அங்கனயே நிற்கிறது, மேலே ஏறவில்லை என்றாள். இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கச் சொன்னேன். பொறுத்தோம். ஏறவே இல்லை. போனில் படம் எடுத்துப் பார்த்தபோது எனக்கு விஷயம் புரிந்தது. நீளம் குறையக் குறைய முடியின் கனம் குறைகிறது. இழுத்துப் பிடிக்க ஒன்றுமில்லாமல் சுருள் மேலே போய்விடுகிறது. தாடையில் நிற்க வேண்டுமென்றால் தோளுக்குக் கீழேதான் வெட்ட வேண்டும்.

திரும்பிப் பார்த்தால் அம்மா தன் கொண்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த சுருட்டை அவளிடமிருந்து வந்ததுதான். ஆனால் அவள் தலை விரிந்து நான் வெளியிடத்தில் பார்த்ததேயில்லை. நரையும் கறுப்புமாக அது காற்றில் பெரிதாகிக்கொண்டே போனது. போனை வாங்கித் தன்னைப் பார்த்தாள்.

“எனக்கு இண்டர்வியூ வச்சா செலக்ட் பண்ண மாட்டாவ போலயே” என்றாள். உடனே கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். பஸ் ஏறுகிற வரை அப்படியே விட்டிருந்தாள்.

பார்லர் அக்காவிடம் படங்களைக் காட்டினேன். அவர் இந்த முறை முடியை நனைக்காமல், காய்ந்த முடியிலேயே சுருள் சுருளாகப் பிடித்து, வலது பக்க அளவுக்கு எல்லாவற்றையும் வெட்டினார். கோவில்பட்டிக் காற்றில் அது கொஞ்சம் நீளமாக, அழகே இல்லாமல் தொங்கியது. அக்காவுக்கே சந்தேகம். “இன்னும் கொஞ்சம் எடுக்கட்டா?” என்று இரண்டு தடவை கேட்டார். வேண்டாம் என்றேன்.

சென்னையில் இறங்கி, குளித்து, முன்பக்க முடியை மட்டும் பின்னால் எடுத்து ஒரு கிளிப் போட்டேன். அந்த அலுவலகத்து லிஃப்ட் கண்ணாடியிலும் பார்த்தேன். ஊதித்தான் இருந்தது. ஆனால் தாடைக்கு வந்து, நான் எதிர்பார்த்த இடத்தில் நின்றிருந்தது. அவ்வளவு போதும் என்று உள்ளே போனேன்.

இருவர் இருந்தார்கள். கேள்விகள் கடினம், இரண்டுக்குத் தெரியாது என்றேன். பிறகு போர்டில் ஒன்றை வரையச் சொன்னார்கள். வரைந்தேன். ஓரிடத்தில் தவறு தெரிந்து, அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். முடித்துத் திரும்பியபோது இடது கையில் அழிப்பான் இருந்தது. அதை எப்போது எடுத்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். பின்னால் ஆடுகளின் சத்தம். வேலையைப் பற்றி அவள் கேட்கவில்லை.

“முடி நின்னுச்சாட்டி?”

“தெரியலம்மா. உள்ள போன பெறகு அதப் பத்தி நெனைக்கவே இல்ல.”

“அப்ப பதிலு நல்லாத்தான் சொல்லிருப்ப” என்றாள்.

அடுத்த சுற்றுக்கு அழைப்பு வந்துவிட்டது. இதை எழுதும்போது பை பாதி கட்டியிருக்கிறேன். புதியம்புத்தூரில் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்கிறோம். இடது காதுக்குப் பின்னால் அந்தச் சின்னச் சுருள் மட்டும் இன்னும் மற்றவற்றின் அளவுக்கு வளரவில்லை. சென்னையில் அது மேலே ஏறி நிற்கும் என்று தெரியும். கிளிப் போட்டு மறைக்கலாமா என்று யோசித்தேன், பட்டியலில் சேர்க்கவில்லை.