மண்டையோடும் குண்டுக் குழந்தைகளும்

பிள்ளைத்தாய்ச்சியின் படுக்கையறையில் கொழுகொழுவென்ற குழந்தைப் படங்களை ஒட்டவேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் அல்சூர் ஏரிக்குப் பின்னால் குடியிருந்தோம். எனக்கு ஐந்து மாதம் முடிவதற்குள் மாமியார் தயவில் சுவர் நிறையக் குழந்தைகள் ஏறிவிட்டன. அத்தனையும் நீலக் கண் வெள்ளைக்காரக் குழந்தைகள். நானும் கறுப்பு, என் கணவரும் கறுப்பு. எங்களுக்கு என்ன பிறக்கும் என்று எதிர்பார்த்தார்களோ!

அதற்கு முந்தைய குழந்தை ஆறாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோனது. அதைப் பற்றி வீட்டில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. பேசினால் அபசகுனமாம். நான் ஆரம்பித்தால் கணவர்கூடப் பேச்சை மாற்றிவிடுவார்.

ஹாலில் மட்டும் நான் மாட்டிய படம் ஒன்று இருந்தது. நான் ஓவியக் கல்லூரியில் கலை வரலாறு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடையில் கிடைத்த, செப்புத் தகட்டில் கோடு கீறி அச்செடுத்த பரோக் கால ஐரோப்பிய எட்சிங் ஒன்றின் மறுபதிப்பு அது. ஒரு தேவாலயத்தின் உட்புறம். வெறும் கோடுகளாலேயே கூரைவரை வெளிச்சம் ஏறியிருக்கும். சிலுவையடியில் ஒரு மண்டையோடு. தூண்களின் உச்சியில் சிறகு முளைத்த குழந்தைத் தலைகள். எதை விட்டுக்கொடுத்தாலும் அந்தப் படத்தை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்றிருந்தேன்.

அந்த மண்டையோட்டால் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா வருவார், பார்ப்பார், உச்சுக்கொட்டிவிட்டுப் போவார். நான் கல்லூரியிலிருந்து திரும்பினால் படம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். நேராக்குவேன். மறுநாள் அதன்மேல் மாமியாரின் டர்க்கி டவல் தொங்கும். எடுத்து மடித்து வைப்பேன்.

பொறுக்கமுடியாமல் மாமியாருக்கு ஒரு வகுப்பே எடுத்தேன். "அத்தை, அது ஆதாமோட மண்டை. முதல் மனுஷன் செஞ்ச பாவத்தை சிலுவையில சிந்துன ரத்தம் கழுவுதுன்னு அர்த்தம். சாவைக் காட்டல, சாவை ஜெயிக்கிறதைக் காட்டுது."

"யார் மண்டையா இருந்தா இன்னாம்மா? மண்டை மண்டைதானே," என்றார்.

கணவர் செய்தித்தாளுக்குப் பின்னால் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வளைகாப்புக்கு முதல் நாள் மாமியார் ஸ்டூல் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றியேவிட்டார். கையும் களவுமாகப் பிடித்தேன்.

"மண்டையோட்டு மேல வேணும்னா பேப்பர் ஒட்டிக்குங்க அத்தை. படம் அங்கதான் இருக்கும்."

"மண்டைய விடும்மா." கீழே இறங்கி, அந்தச் சிறகுத் தலைகளைத் தொட்டுக் காட்டினார். "இதுங்களத்தான் என்னால பாக்க முடியல. ஒடம்பே இல்லாம மொகம் மட்டும். வயித்துல புள்ளைய வச்சிக்னு இதையா பாத்துக்னு இருப்ப? போன தடவ போச்சே, அது ஞாபகம் வரல ஒனக்கு?"

அவை கடவுளின் சந்நிதியில் நிற்கும் தேவதூதர்கள் என்று வருடா வருடம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அப்போது அது வாயில் வரவில்லை.

"வருது அத்தை. அதுக்குத்தான் மாட்டினேன். இந்த வீட்ல அதை நெனைக்கிறதுக்கு எனக்கு வேற எடம் எங்க இருக்கு?"

அவர் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். படத்தை மடியில் வைத்துக்கொண்டு, புடவைத் தலைப்பால் கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார்.

"அது பையனா பொண்ணான்னுகூட எனக்கு ஒருத்தரும் சொல்லல," என்றார்.

"பொண்ணு," என்றேன்.