கூட்டிச் சொன்ன வயது

என் வீட்டுக்காரர் இறந்தபோது, முழங்கால் போனதால் நான் தேயிலை எஸ்டேட் வேலையை விட்டிருந்தேன். வேலையில் ஆள் இல்லாத குடும்பத்துக்கு எஸ்டேட் கொடுக்கும் லைன் வீடு கிடையாது. அதனால் எங்கள் பக்கத்தில் பலரும் செய்வதையே நானும் செய்தேன். பதினைந்து வயது மகனை ஆபீசுக்குக் கூட்டிப்போய், பதினெட்டு என்று சொல்லி, பேரேட்டில் பெயரை ஏற்றினேன். வளர்த்தியான பையன். கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் பம்ப் ஹவுஸ் செப்புக் கம்பி திருட்டில் அவனைப் பிடித்தார்கள். போலீஸ் எஸ்டேட் பேரேட்டைப் பார்த்துப் பத்தொன்பது என்று எழுதியது. குன்னூர் கோர்ட்டில் ஒரு வருஷம் தண்டனை. நான் வாயைத் திறக்கவில்லை. திரும்பி வந்தால் வேலை உண்டு, அதுவரை வீடும் இருக்கட்டும் என்று எஸ்டேட் மேனேஜர் துரை சொல்லியிருந்தார்.

ஊட்டியில் அப்பீல் போட இலவசமாக ஒரு வக்கீலம்மா கிடைத்தார். ஜெயிலில் அவனைப் பார்த்துவிட்டு வந்து கேட்டார்.

"அந்த மூஞ்சிக்குப் பத்தொன்பதா? நெசத்தைச் சொல்லுங்கம்மா."

"சொன்னா என்னாகுமுங்க?"

"பதினெட்டு ஆகாதவனை விசாரிக்க அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமே இல்ல. தீர்ப்பு நிக்காது."

"ஊடும் நிக்காதுங்க."

நான்கு நாள் சும்மா கிடந்தேன். பிறகு வயசுக்குச் சான்று தேடினால், அவன் படித்த பள்ளிக்கூடம் மூடிப் போயிருந்தது. கடைசியில், கொழுந்தெடுக்கப் போகையில் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் கொட்டகைக்குப் போனேன். அவனை முதன்முதல் அங்கே கிடத்திய நாளையும், அப்போது எத்தனை மாசக் குழந்தை என்பதையும் அங்கே பிள்ளை பார்க்கும் ஆயா நோட்டில் எழுதியிருந்தாள்.

"வயசைக் கூட்டறப்ப என்னைக் கேக்கல. கொறைக்கறதுக்கு மட்டும் வந்திட்டியாக்கும்" என்றபடியே தேடி எடுத்தாள்.

ஊட்டி கோர்ட்டில் ஜட்ஜய்யா கேட்டார்: "அப்ப எஸ்டேட்ல பொய் சொன்னீங்க?"

"ஆமாங்க."

"இங்க?"

"இங்க சொல்லலீங்க."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்கள்.

கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பு செல்லாது, வழக்கைச் சிறுவர்கள் கோர்ட்டில் விசாரிக்கட்டும், அதுவரை மகனை அழைத்துப் போகலாம் என்று எழுதிவிட்டார்கள். ஐந்து மாதம் உள்ளே இருந்தவன், மஞ்சூர் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டான்.

"எல்லாரும் வயசத்தான் கேட்டாங்க. கம்பிய எடுத்தியான்னு ஒருத்தரும் கேக்கலம்மா."

"நான் கேக்கட்டுமா?"

"இப்ப வேண்டாம்மா."

எனக்கும் கேட்கத் தெம்பில்லை. ஆபீசில் அவன் பெயரை அடித்து, வீட்டைக் காலி செய்ய ஒரு மாதம் கொடுத்தார்கள். பாத்திரங்களைச் சாக்கில் கட்டும்போது அவன் அதன் வாயைப் பிடித்துக் கொடுத்தான். அப்போதும் நான் கேட்கவில்லை.