கோடு கீறாத சுருள்

மையில் இறகை முக்கிவிட்டால் ஃபைவிஷுக்கு ஊருமில்லை, உலகமுமில்லை. யூதர்களின் புண்ணிய ஊரான ஸஃபேத் மலையில் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். மனுஷர் அதற்குள் உட்கார்ந்து வேதம் எழுதிக்கொண்டிருப்பார். மாசிக்காயும் அன்னபேதியும் பிசினும் போட்டு அவரே காய்ச்சின மை. தோலில் விழுந்ததும் பளபளவென்று ஈரமாக நிற்கும். அது காய்வதைப் பார்த்துக்கொண்டே அரைமணி நேரம் கழிப்பார். மனைவி பிரைனா கூப்பிட்டால் "ம்" என்பார், அதுவும் நாலாவது தடவைக்குத்தான். முப்பது வருஷத்தில் அவர் எழுதின வரி ஒன்றுகூட ஏறி இறங்கினதில்லை. அந்தக் கைதான் அவரைக் கவிழ்த்தது.

அன்று மேசை இழுப்பறையைத் துழாவியபோது ஒரு தோல் அகப்பட்டது. ஓரத்தில் தேன் நிறத்தில் ஒரு மச்சம். மகள் ரிக்கெலின் புது வீட்டுக்கென்றே பொறுக்கி எடுத்த தோல். மொட்டை ஊசியால் கீறின இருபத்திரண்டு கோடும் அப்படியே இருந்தன, எழுத்துதான் இல்லை. ஆனால் அவள் வாசல் நிலையில், வீட்டுக்குக் காவலாக வேத வரி எழுதிச் சின்னக் கூட்டில் வைக்கும் மெசூசாச் சுருளை மாட்டி மூன்று வாரம் ஆகிறதே!

ஃபைவிஷ் அந்த நாளை நினைத்துப் பார்த்தார். எழுதின அன்று மேகம் மேசைவரைக்கும் வந்திருந்தது. கோடு போட்டாயிற்று என்ற நினைப்பிலேயே பக்கத்திலிருந்த வெறுந்தோலை எடுத்திருக்கிறார். கை பாட்டுக்கு நேராகப் போயிருக்கிறது. கோடு கீறாமல் எழுதின மெசூசா செல்லாது. எழுதின பிறகு கீறினாலும் செல்லாது. முத்து முத்தான எழுத்தாக இருந்து என்ன பிரயோஜனம்?

வேறு யார் வீடாவது என்றால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பார். ரிக்கெல் மூன்று கருவைப் பறிகொடுத்தவள். இப்போது எட்டாம் மாதம். வாசலைத் தாண்டும்போதெல்லாம் அந்தச் சுருளைத் தொட்டு, விரலை முத்தமிட்டு, என்னவோ முணுமுணுப்பாள். விஷயத்தைக் கேட்ட பிரைனா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "புதுசா எழுதி, அவ அசந்த நேரம் பாத்து மாத்திட்டு வாங்க. வாயைத் திறந்தீங்க, பயத்துலயே பாதியாயிடுவா."

அதுவும் நியாயம்தான் என்று மச்சத் தோலிலேயே எழுதினார். பத்து இடத்தில் இறைவன் பெயர் வந்தது. ஒவ்வொரு தடவையும், அந்தப் பெயரின் புனிதத்துக்காக எழுதுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் இறகை வைத்தார். மை காய்ந்ததும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

ரிக்கெல் கதவைத் திறந்தாள். அப்பாவைப் பார்த்த சந்தோஷத்தில் சுருளைத் தொட்டு முத்தமிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவரால் ஆகவில்லை. நடந்ததையெல்லாம் வாசலிலேயே கொட்டிவிட்டார்.

அவள் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "மூணு வாரமா என் பயத்தையெல்லாம் இதுகிட்டதானேப்பா சொன்னேன். அதெல்லாம் எங்க போச்சு?"

அவர் சட்டைப்பையிலிருந்து புதுச் சுருளை எடுத்தார். "வாசலுக்குத்தாம்மா கோடு வேணும். நீ பேசினதுக்கு யாரும் கோடு கேக்கல."

ரிக்கெல் பழைய சுருளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் திருப்புளி கொண்டுவந்து, தானே பழையதைக் கழற்றினாள். புதியதை அவர் மாட்டி முடித்தார். இறைவன் பெயர் எழுதின தோலைக் குப்பையில் போடக்கூடாது, மண்ணில் புதைக்கவேண்டும். எடுத்துப்போகக் கை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை.

"குழந்தை பொறந்தப்புறம் புதைச்சுக்கலாம்ப்பா. அதுவரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும். இதுக்கு என்னைத் தெரியும்."