அமாவாசையில் வற்றும் களப்பு

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மகளும் தண்ணீர் பார்க்கப் போவோம். வேறு பெயர் அதற்கு எங்கள் வீட்டில் இல்லை. நாங்கள் வந்து குடியேறிய இந்த நகரத்தின் மேற்குக் கரையில் கருமணல் மேடுகளுக்கு நடுவே அடைபட்டுக் கிடக்கும் ஏரி, பாபகூராப் பக்கம் கண்டல் மரங்களுக்குள் நுழைந்து திரும்பும் கழி, பக்குரங்காவில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், கடல் ஏறி இறங்கும் களப்பு. நான் பயந்தவன். மாற்றுக் காலுறை, பிளாஸ்டர், இரண்டு போத்தல் சுடுதண்ணீர் என்று ஒரு பை நிறையச் சுமப்பேன். அவள் சிரிப்பாள். ஆனால் அந்த இடங்களைப் பற்றி என்னைவிட அவளுக்குத்தான் தெரியும். எந்தச் சேறு காலைத் தாங்கும், எந்தச் சேறு விழுங்கும் என்று நிறத்தைப் பார்த்தே சொல்வாள். பதின்மூன்று வயது.

போன ஆடி மாதத்திலிருந்து நாங்கள் போவதில்லை. நான் கூப்பிட்டால் வீட்டுப்பாடம் இருக்கிறது என்கிறாள். அவளுடைய கறுப்பு கம்பூட்ஸில், சேற்றுக்குப் போடும் ரப்பர் சப்பாத்தில், ஒன்று அந்தக் களப்பின் அடியில் கிடக்கிறது. மற்றதை எறிய எனக்கு மனம் வரவில்லை, கராஜில் இருக்கிறது.

ஆடி அமாவாசை அப்பா இல்லாதவர்கள் விரதம் இருக்கும் நாள். காலையில் கோயிலில் ஐயர் எல்லாம் செய்துவிட்டார். பிண்டத்தைத் தண்ணீரில் விடுவது மட்டும் மிச்சம். அதை உச்சி நேரத்தில், கடலோடு சேரும் தண்ணீரில்தான் விடவேண்டும் என்று அண்ணை பிடிவாதமாக நின்றார். அண்ணை நகரத்தின் மற்றப் பக்கத்தில், பிளாக்ஹவுஸ் பே என்ற இடத்தில் இருக்கிறார், மூத்த மகன், அவர் சொல்வதுதான் முடிவு. எங்கள் களப்பையும் அவரே தெரிவு செய்தார். காரணம், கார் நிறுத்த இடம் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் பார்த்து வளர்ந்த கடல் வற்றினாலும் ஒரு முழம், இரண்டு முழம் வற்றும். எந்த நேரம் போனாலும் காலடியில் தண்ணீர் நிற்கும். இங்கே அப்படியில்லை. இங்கே அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும்தான் கடல் ஆகக்கூட ஏறும், ஆகக்கூட இறங்கும். எங்கள் பக்கக் கரையில் அமாவாசையன்று அந்த இறக்கம் வந்து விழுவது மத்தியானத்தை ஒட்டி. நாங்கள் புனிதமான நேரம் என்று தேடிப் பிடித்துப் போகிற நேரத்தில் தண்ணீரே இருக்காது. இந்த நாட்டில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிற, மோர்ட்கேஜ் வட்டியை நாளுக்கு நாலு தரம் பார்க்கிற ஒரு மனிதருக்கு இது தெரியாது. தெரிந்தவள் ஒருத்தி பக்கத்தில் நின்றாள். அவளை அவர் கேட்கவில்லை.

நாங்கள் போனபோது களப்பு முழுக்கச் சாம்பல் நிறச் சேறு. தண்ணீர் தூரத்தில் ஒரு கோடாக மின்னியது. எள்ளுத்தண்ணிச் செம்பைக் காரில் விட்டுவிட்டேன் என்று அண்ணை சொன்னார். எடுக்கப் போனேன். நான் திரும்பி வந்தபோது என் மகள் கையில் பிண்டத் தட்டோடு சேற்றின் நடுவில், தொடை வரைக்கும் இறங்கி நின்றாள்.

பிறகு மனைவி சொல்லித்தான் நடந்தது தெரியும். அண்ணைக்கு முழங்கால் வருத்தம், வேட்டியும் நனையும். "பிள்ளை பாரமில்லை, நீ ஓடிப்போய் விட்டிட்டு வா" என்றிருக்கிறார். மகள், அது மெத்தென்ற சேறு, வற்று நேரம், போகக்கூடாது என்று இங்கிலீசில் சொல்லியிருக்கிறாள். "பெரியப்பா சொன்னால் போகவேணும். அப்பப்பாவுக்குத்தானே செய்யிறாய்" என்று தட்டைக் கையில் வைத்திருக்கிறார். அவள் தாயைப் பார்த்திருக்கிறாள். தாய் வாயைத் திறக்க முதல் அவர் பிள்ளையின் தோளில் கைவைத்து இறக்கிவிட்டார். பெரியவர்களுக்கு மறுத்துக் கதைக்காத பிள்ளை என்று எங்கள் ஆட்கள் எல்லாரும் மெச்சுகிற பிள்ளை அவள். இப்போது யாராவது அப்படி மெச்சினால் நான் கதையை வேறு பக்கம் திருப்பிவிடுகிறேன்.

நான் செம்போடு வந்து நின்றபோது, அவசர உதவியைக் கூப்பிட மனைவி போனைக் கையில் எடுத்திருந்தாள். அண்ணை அதன் மேல் கையை வைத்து மறைத்தார்.

"கொஞ்சம் பொறு தங்கச்சி. தண்ணிக்குள்ள சாப்பாடு போட்டனியள் எண்டு பைன் அடிப்பாங்கள். தம்பி போய்த் தூக்கட்டும்."

"அத்தான், பிள்ளை தாழுது."

"தாழாது. அசையாமல் நில் எண்டு சொல்லு."

நான் காரின் பின்பக்க விரிப்பையும் தார்ப்பாயையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். நாலாவது அடியிலேயே எனக்கும் முழங்கால் வரை போய்விட்டது. பிறகு விரிப்பைப் போட்டு வயிற்றால் ஊர்ந்தேன். சேற்றின் நாற்றம், அழுகிய முட்டை போல, இப்போதும் தண்ணீர்க் குழாயைத் திறந்தால்கூடச் சில நாள் வருகிறது. அவளிடம் போய்ச் சேர்ந்து கக்கத்துக்குள் கையைக் கொடுத்துப் பிடித்தேன். இழுக்க முடியவில்லை. இழுத்தால் நான் தாழ்ந்தேன். அவள் அழவில்லை. தட்டை இன்னும் நேராகப் பிடித்திருந்தாள்.

"அதை விடு அம்மா" என்றேன்.

"பெரியப்பா ஏசுவார்" என்றாள், தமிழில்.

தூரத்துக் கோடு இப்போது கோடாக இல்லை. சின்னச் சின்ன வாய்க்கால்களில் நுரையோடு எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. அது ஓடி வராது, நடந்துதான் வரும், ஆனால் நிற்காது. கரையில் நாயோடு வந்த வெள்ளைக்காரப் பெண் ஒருவர், ஒருவரிடமும் எதுவும் கேட்காமல், தன் போனை எடுத்துக் கூப்பிட்டார். தீயணைப்புப் படை பலகைகளோடு வந்தது. அவர்கள் எங்களை இழுத்தெடுத்தபோது மகளின் இடுப்பில் தண்ணீர் நின்றது.

வெள்ளிப் போர்வைக்குள் இருந்த பிள்ளையின் பற்கள் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அண்ணை ஒரு தீயணைப்பு வீரரிடம், பறவை பார்க்கப் போன பிள்ளை என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். மாசியில் அப்பாவின் திவசம் அண்ணை வீட்டில் வந்தது. இலை போட்டு எல்லாரும் இருந்தோம். என் பக்கத்தில் மகள். கத்தரிக்காய்க் குழம்பு வந்துகொண்டிருந்தபோது அண்ணை என்னைக் காட்டி ஆரம்பித்தார்.

"உவனைப் பாத்திருக்கவேணும். முதலை மாதிரி ஊருறான். நான் நினைச்சன், அப்பாவுக்குப் பிண்டம் போடப்போய் இவனுக்கும் சேத்துப் போடவேணும் போல."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணையின் நண்பர் ஒருவர், "பிண்டத்தை நேர பாதாளத்துக்கே கொண்டுபோய்க் குடுத்த பிள்ளை" என்றார். இன்னும் சிரிப்பு. மகள் இலையில் விரலை வைத்தபடி இருந்தாள். சோற்றைப் பிசையவில்லை.

"வாற ஆடிக்கும் அங்கைதான்" என்றார் அண்ணை. "சின்னவளுக்கு இப்ப சேறு பழகிட்டுது, என்ன?"

"அண்ணை, அவள் உங்களுக்குச் சொன்னவள்" என்றேன்.

"என்ன சொன்னவள்?"

"போகக்கூடாது எண்டு."

"இங்கிலீசில ஏதோ புறுபுறுத்தது. ஆருக்கு விளங்கும்?"

"நாள் முழுக்க இங்கிலீசில கதைச்சுத்தான் சம்பளம் எடுக்கிறியள். என்ர பிள்ளை சொன்னது மட்டும் விளங்கேல்லையோ?"

பரிமாறிக்கொண்டு வந்த அண்ணி வாளியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"தாயின்ர போனில கை வைச்சனியள்" என்றேன். "தண்ணி வந்துகொண்டிருக்கேக்க, பைன் வரும் எண்டு கை வைச்சனியள். அதையும் சொல்லிச் சிரியுங்கோவன்."

"அப்பாவின்ர நாளில நீ என்னோட இப்பிடிக் கதைக்கலாமோ?"

"வேற எந்த நாளில கதைக்கிறது? மற்ற நாளில நீங்கள் ஆரையும் கதைக்க விடுறேல்லை."

நான் எழும்பினேன். மனைவியும் மகளும் எழும்பினார்கள். எங்கள் மூன்று இலையிலும் சோறு அப்படியே இருந்தது. திவசச் சோற்றைத் தொடாமல் எழும்புவது என்னவென்று அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

"சாப்பிடாமல் போனால் அப்பாவுக்குச் சேராது" என்றார் அண்ணை. குரல் தாழ்ந்திருந்தது. முதல் தடவையாக அவர் பயந்ததைக் கண்டேன். என் பிள்ளை தாழ்ந்துகொண்டிருந்தபோது வராத பயம்.

"சேராட்டிப் போகட்டும்" என்றேன்.

நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு, பின்னால் இருந்து மகள் இங்கிலீசில் சொன்னாள், மெதுவாக, யன்னலைப் பார்த்துக்கொண்டு: நீங்களும் சிரிப்பீர்கள் என்று நினைத்தேன்.

அடுத்த வெளிவழியில் இறங்கி, டெயரி என்று இங்கே சொல்லும் ஒரு சின்ன மூலைக்கடை வாசலில் காரை நிறுத்தினேன். தான் ஓட்டுகிறேன் என்று மனைவி இறங்கி வந்து என் பக்கக் கதவைத் திறந்தாள். நான் பின் இருக்கையில் மகளுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். வீடு வரும் வரைக்கும் அவள் விலகி இருக்கவில்லை.