ஓடைக்கு அந்தப் பக்கம் அனுப்பப்பட்ட கேம்பர்

ஒரு காரைப் பார்க்காமல், அதன் வாலில் என்ன தொங்குகிறது என்று மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது என்ன நியாயம்? இந்தக் கதையை முதலில் கேட்ட அன்று இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. கோபம் மட்டும் வந்தது.

நெல்டா ஹூபர், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், மேற்கே ஒகலாலா ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். 1936 ஃபோர்டு கார் ஒன்று ஒரு வைக்கோல் வயலில் கோழிகள் முட்டையிடும் இடமாகக் கிடந்தது. அதை வாங்கி, கூரையை நாலு விரல் வெட்டித் தாழ்த்தி, பெரிய இன்ஜின் ஏற்றி, ஹாட் ராட் என்று சொல்லும் வேகக் கார் ஆக்கினார். இரண்டு பேர் உட்காரலாம். ஒரு பெட்டி வைக்க இடமில்லை. அதனால் ஒரு குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் அடைந்து கிடந்து, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போக, பாதி முட்டை மாதிரி ஒரு சின்ன கேம்பரைப் பலகையில் செய்தார். உள்ளே ஒரு மெத்தை. பின்மூடியைத் தூக்கினால் அடுப்பும் இரும்பு வாணலியும். காருக்கும் கேம்பருக்கும் கரும்பச்சை வண்ணம். "பஸ் மஞ்சளைத்தான் வாரம் பூரா பாக்கறேனே, போதும்" என்பார்.

"உங்க வீட்டுக்காரர் வண்டியா?" என்று பெட்ரோல் பங்கில் கேட்பார்கள்.

"அவருக்குக் கார்ல ஏறினாலே குமட்டும்பா. பூனையப் பாத்துக்கிட்டு வீட்ல இருக்காரு."

கிழக்கே பக்கத்து மாநிலமான அயோவாவில் ஆற்றோர ஊர் ஒன்றில் கோடைதோறும் ஹாட் ராட்காரர்கள் கூடுவார்கள். அதிகத் தொலைவு காரை ஓட்டி வந்தவருக்கு, பலகையில் பொருத்திய பழைய பிஸ்டன் ஒன்றைப் பரிசாகக் கொடுப்பது அங்கே வழக்கம். காரை டிரெய்லரில் ஏற்றி, போர்வை போர்த்தி, நோயாளியைப் போலக் கொண்டுவருபவர்களை அந்தக் கூட்டம் மதிக்காது. அந்தப் பிஸ்டன் மீது நெல்டாவுக்கு ஆசை. காற்றிலும் மழையிலும் இரண்டு நாள் கேம்பரை இழுத்துக்கொண்டு வந்தார்.

வாசலில் கமிட்டிக்காரர் கர்டிஸ், நெல்டாவின் காரின் முன்கண்ணாடியில் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினார். "டிரெய்லரா? ஓடைக்கு அந்தப் பக்கம் போங்கம்மா."

"யோவ் கர்டிஸ், கண்ணத் தொறந்து பாரு. இது என் காரை ஏத்திட்டு வரல. என் கார்தான் இதை இழுத்துட்டு வந்திருக்கு."

"சக்கரம் இருக்கு, கொக்கி இருக்கு. அப்போ டிரெய்லர்தானே?"

"ஏன்யா, அதுக்குள்ள காரு போகுமா? நான் காலை நீட்டினாலே கதவு இடிக்குது!"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கர்டிஸ் சிரிக்கவில்லை. "விதி விதிதான். சிவப்பு ஒட்டினவங்களுக்குத் தூரப் பரிசு கிடையாது."

கேம்பரை ஓடைக்கு அந்தப் பக்கம் கழற்றி விட்டுவிட்டுக் காரை மட்டும் ஓட்டி வந்தார். அப்போதும் கர்டிஸ் சிவப்பு ஸ்டிக்கரைத்தான் விரலால் தட்டிக் காட்டினார். முகப்பில் அப்பியிருந்த பூச்சிகளும் சேறும் இருந்திருந்தால் சாட்சி சொல்லியிருக்கும். ஆனால் அழுக்கு முகத்தோடு திடலுக்குள் நுழைவது இந்தக் கூட்டத்தில் மானக்கேடு. காலையிலேயே ஈரத் துணியால் எல்லாவற்றையும் அவரே துடைத்துவிட்டிருந்தார்.

மாலையில் கர்டிஸ் மைக்கில் தூரப் பரிசு பெறுபவரின் பெயரை அறிவித்தார்: கொலராடோவிலிருந்து வந்த லான்னி தார்ப். நெல்டாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று காலையில்தான், ஊர் எல்லையில், பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால் நின்ற மூடிய லாரியிலிருந்து லான்னி தன் சிவப்புக் காரை இறக்குவதை அவர் பார்த்திருந்தார்.

"லான்னி, லாரி பத்திரமா இருக்கா?" என்று நெல்டா எழுந்து நின்று கேட்டார்.

"எந்த லாரி?"

"பங்க்குக்குப் பின்னாடி நிக்குதே, அது. காலைல எனக்குக் கைகூட ஆட்டினியேப்பா!"

 திடலில் இருந்தவர்களில் அந்தப் பங்க்கில் பெட்ரோல் போட்ட பாதிப் பேர் அந்த லாரியைப் பார்த்தவர்கள்தான். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. "நல்ல நாளும் அதுவுமா வேண்டாம்மா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று கர்டிஸ் இசையைப் போடச் சொல்லிவிட்டார். ஒரு பொய்க்குக் கைதட்ட நேரம் இருந்தது, ஒரு கேள்வியைக் கேட்க நேரம் இல்லை!

கொஞ்ச நேரம் கழித்து லான்னி ஓடையைத் தாண்டி வந்து, கேம்பருக்குத் திரும்பியிருந்த நெல்டாவிடம் பிஸ்டனை நீட்டினார். "அக்கா, நீங்களே வெச்சுக்கங்க. என் அலமாரில இடமே இல்ல."

"இரும்பு யாருக்குய்யா வேணும்? போய் மைக்ல சொல்லு, நெல்டாதான் ஓட்டி வந்தாங்க, நான் ஏத்திட்டு வந்தேன்னு."

"அவ்வளவு பேர் முன்னாடி எப்படிக்கா..."

"பொய்யா வாங்கறப்ப அதே பேர்தானே முன்னாடி இருந்தாங்க?"

 லான்னி பிஸ்டனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மைக் இருந்த திசைக்கு எதிர்த்திசையில் நடந்தார்.

நெல்டா கேம்பரைக் கொக்கியில் மாட்டினார். விளக்குக் கம்பியைச் செருகி, பின்விளக்கு எரிகிறதா என்று பார்த்தார். இன்ஜின் உறுமியபோது மேடையில் பாட்டு கேட்கவில்லை. சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பார்க்கவில்லை. மேற்கே போகும் சாலையில் ஏறிவிட்டார்.

லான்னி சொல்லாமல் போனதை நீங்கள் சொல்லுங்கள். டீக்கடையிலோ, பணிமனையிலோ, கார் பிடித்த யாராவது பக்கத்தில் இருந்தால், அவர்களிடம் நெல்டாவின் கதையைச் சொல்லி, அடுத்தவருக்கும் சொல்லச் சொல்லுங்கள்.